கூடலின் கடைசி நாள்: பிலிம் ரோலை அங்கேயே கழுவுவதா, ஊருக்குக் கொண்டுபோவதா?

மார்ச் 11, இரவு 9:40 | கேள்வி கேட்டவர்

அண்ணே, 21, 22, 23 மூன்று நாளும் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் கூடுகிறோம். பன்னிரண்டு பேர், எல்லாருமே பிலிம் கேமராதான். ஆளுக்கு மூன்று ரோலாவது ஓடும். பங்குனி வெயிலில் ரோலைப் பையில் போட்டு ஊருக்குத் தூக்கிப்போனால் கெட்டுவிடும் என்பது என் கட்சி. அதனால் ஞாயிறு காலையே எல்லாவற்றையும் கழுவி, காய்ந்த நெகட்டிவாக அவரவர் கையில் கொடுத்து அனுப்ப நினைக்கிறேன். சாப்பிட்டு இரண்டரைக்கு எல்லாரும் கிளம்புகிறார்கள். ரெண்டு ரீல் (பிலிமைச் சுற்றும் சட்டம்) பிடிக்கிற கழுவும் டேங்க் இரண்டு இருக்கிறது. டி-76 டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) பவுடர் வாங்கிவிட்டேன். முடியுமா?

மார்ச் 11, இரவு 10:25 | பள்ளத்தூர் (பதில் சொல்பவர்)

எல்லாவற்றையும் என்றால் முடியாது தம்பி. பன்னிரண்டு பேருக்கு மூன்று ரோல் என்றால் முப்பத்தாறு. இரண்டு டேங்கில் ஒரு நடைக்கு நாலு ரோல். ஒன்பது நடை. ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம் வைத்தால் ஏழு மணி நேரத்தைத் தொடும். அதற்கு மேல் காய வைக்க மூன்று மணி நேரம்.

வெயில் பயமும் பாதிதான் சரி. எடுத்த கறுப்பு வெள்ளை ரோல் இரண்டு நாள் பயணத்தில் கெடாது. கெடுவது எங்கே என்றால் பூட்டி வெயிலில் நிறுத்திய காருக்குள், அதிலும் பின்கண்ணாடிக்குக் கீழே. ரோலை டப்பாவில் போட்டு, துணியில் சுற்றி, எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து காலடியில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆளுக்கு ஒரு ரோல், மொத்தம் பன்னிரண்டு, மூன்று நடை. அதுதான் ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கும்.

மார்ச் 12, காலை 6:05 | பள்ளத்தூர்

நேற்று எழுதாமல் விட்டது: நேரம் போவது டெவலப்பரில் இல்லை, ரீலில். ஈரமான பிளாஸ்டிக் ரீலில் பிலிம் ஏறாது. பாதி ஏறி மாட்டிக்கொள்ளும், வெளிச்சம் புகாத சேஞ்சிங் பைக்குள் கை வியர்க்கும், வியர்வை பட்டு பிலிம் இன்னும் ஒட்டும். அதனால் பன்னிரண்டு ரோலுக்குப் பன்னிரண்டு காய்ந்த ரீல் வேண்டும். எல்லாரிடமும் அவரவர் ரீலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் டேங்க் எந்தக் கம்பெனியோ ரீலும் அதுவாக இருக்க வேண்டும். நடுத்தண்டு அளவு மாறும், மூடி வழியாக வெளிச்சம் இறங்கிவிடும்.

டேங்க் இரண்டுதான் என்பதால் அடுத்த நடைக்கான ரோலை முன்கூட்டியே ரீலில் ஏற்றி இருட்டில் வைக்க இடம் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டாம் கட்டில் சாமான் அறை ஒன்று ஜன்னல் இல்லாமல் இருக்கும், தேக்குக் கதவு கனமாக இருக்கும். கதவுக்கு அடியில் ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் பழகிய பிறகும் கீல் பக்கம் கோடு தெரிந்தால் அங்கே கறுப்புத் துணி. ஐந்து நிமிடம் நிற்காமல் "நல்ல இருட்டு" என்று முடிவு கட்டக்கூடாது.

ஆரம்பிக்க வேண்டிய நேரம் விடியற்காலை ஐந்து. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இந்த மாதத்தில் குளிர்ந்து கிடக்கும் நேரம் அது ஒன்றுதான். பத்து மணிக்கு மேல் அதே குழாயைத் திறந்தால் கை பொறுக்காது. ஐந்துக்கு முதல் நடை, ஐந்தே முக்காலுக்கு இரண்டாவது, ஆறரைக்கு மூன்றாவது. ஏழே காலுக்குக் கடைசி ரோல் கொடியில் ஏறிவிட்டால் பதினொன்றுக்குள் வெட்டலாம்.

மார்ச் 12, காலை 8:50 | கேள்வி கேட்டவர்

இல்போர்டு கம்பெனியின் எச்பி5 பிளஸ்தான் எல்லாரும், 400 வேகக் கறுப்பு வெள்ளை பிலிம். டி-76-ஐத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம் என்று இருக்கிறது. 20 டிகிரி இங்கே எப்படி அண்ணே?

மார்ச் 12, காலை 9:30 | பள்ளத்தூர்

20-ஐ விடுங்கள், 24-ஐப் பிடியுங்கள். இறக்குவது முக்கியமில்லை, முதலிலிருந்து கடைசி வரை ஒரே சூட்டில் வைப்பதுதான் முக்கியம். இல்போர்டு அட்டவணைப்படி 20-ல் 4 நிமிடம் என்றால் 23-ல் 3 நிமிடம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். 11 நிமிடம் 24-ல் ஏழரை நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகிற கணக்கு எதுவும் வேண்டாம், டெவலப்பர் ஊற்றி முடிப்பதற்குள் ஒரு பக்கம் முந்திக்கொண்டு நெகட்டிவ் திட்டுத்திட்டாக வரும். டி-76-ஐக் கலக்காமல் முழுசாக ஊற்றினால் 20-லேயே ஏழரை நிமிடம்தான், 24-ல் ஐந்தைத் தொட்டுவிடும். ஆகவே ஒன்றுக்கு ஒன்றே நமக்கு நல்லது.

பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரை நிறுத்தும் புளிப்பு), ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் நாலையும் பாட்டிலோடு அதில் நிற்க வையுங்கள். முந்தின இரவே மண்பானையில் ஊற்றி வைத்த தண்ணீரை டப்பில் ஊற்றினால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஐஸ், ஆனால் கவரில் கட்டி டப்பில்தான் போட வேண்டும். ஐஸ் கட்டியை நேராக டெவலப்பரில் போட்டால் கரைந்து கலவை நீர்த்துவிடும், ஓரிடத்தில் குளிர்ந்து ஓரிடத்தில் சூடாகவும் இருக்கும்.

24-ல் டெவலப்பர், 31-ல் குழாய்த் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் காட்டினால் ஜெலட்டின் விரிந்து சுருங்கிப் படம் முழுக்க வெடித்த கண்மாய் மண் மாதிரி ஆகிவிடும். ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது.

மார்ச் 12, மதியம் 1:35 | பள்ளத்தூர்

திருத்தம். ஏழரை நிமிடம் என்றேன், போதாது. உங்கள் டேங்கில் 600 மில்லிக்கு இரண்டு ரோல். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் ஒரு ரோலுக்கு மூல டெவலப்பர் 150 மில்லிதான் கிடைக்கிறது. கோடக் சொல்வது, இப்படிக் குறைவாக ஊற்றினால் நேரத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டும் என்று. எட்டே கால் நிமிடம் வையுங்கள். அதே காரணத்தால் ஒரு முறை ஊற்றியதைக் கொட்டிவிட வேண்டும், அடுத்த நடைக்குத் திருப்பி ஊற்றக்கூடாது. ஆறு டேங்குக்கு மூல டெவலப்பர் 1.8 லிட்டர். அரை லிட்டர் கூடவே கரைத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவே கரைக்க வேண்டும், பவுடர் சூடான தண்ணீரில்தான் கரையும், கரைத்த அன்றே 24-க்கு இறங்காது.

மார்ச் 13, இரவு 8:15 | தேவகோட்டை (இன்னொருவர்)

சோடியம் சல்பேட் சேர்த்தால் இந்தச் சூடு எல்லாம் பிரச்சினையே இல்லையே? ஏ.வி. மெய்யப்பன் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படமெடுத்த வட்டாரம் இது, அந்தக் காலத்தில் ஏ.சி.யா இருந்தது?

மார்ச் 13, இரவு 9:50 | பள்ளத்தூர்

சேர்க்கலாம். 24-லிருந்து 27 வரை போகுமானால் லிட்டருக்கு 50 கிராம். ஜெலட்டின் ஊதாமல் பிடித்துக்கொள்ளும், டெவலப்பரும் மெதுவாக இறங்கும், அதனால் 20 டிகிரி நேரத்தையே வைத்துக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 50 கிராம் என்பது நீர் நீக்கிய பவுடருக்கு. கடையில் பளிங்குக் கட்டியாகக் கிடைப்பது தண்ணீரோடு சேர்ந்தது, அதில் 113 கிராம் எடுக்க வேண்டும். அடுத்தது, சல்பேட் வேறு, சல்பைட் வேறு. டி-76-க்குள் ஏற்கெனவே லிட்டருக்கு 100 கிராம் சல்பைட் இருக்கிறது. கடைக்காரர் பேர் மாற்றி எடுத்துக் கொடுத்து, அதில் இன்னும் 50 கிராம் சல்பைட் போய்ச் சேர்ந்தால் டெவலப்பர் குணமே மாறிவிடும். டப்பாவின் மேல் உள்ள எழுத்தை நீங்களே படியுங்கள்.

ஆனாலும் இந்தக் கூடலுக்கு இது தேவையில்லை என்றே நினைக்கிறேன். இப்போது வரும் பிலிம் பழைய பிலிமைவிடக் கெட்டி. விடியற்காலையும் ஒரு டப் தண்ணீரும் போதும்.

மார்ச் 15, காலை 7:10 | பள்ளத்தூர்

எங்கே வைத்துக் கழுவுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே முற்றத்தில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முற்றம் வேண்டாம். செட்டிநாட்டு வீட்டு முற்றம் மழைத்தண்ணீரைப் பிடிப்பதற்காகக் கட்டியது. ஓட்டுச் சரிவில் இறங்கும் தண்ணீர் முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாக வெளியே போய், கடைசியில் ஊரணியில் சேரும்படி ஊரையே அமைத்திருக்கிறார்கள். அந்த வடிகாலில் ஒரு டம்ளர் ஹைப்போ ஊற்றினாலும் அது போகிற பாதை அதுதான். ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது. தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு அது விஷம். பின்கட்டுக் கிணற்றடியும் வேண்டாம், அங்கே கொட்டினால் கிணற்றுக்கே இறங்கும்.

தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்து எடுத்த சிமெண்ட் கல். முகம் பளபளப்பதால் மேலே பூச்சு இருக்கிறது என்று தோன்றும், இல்லை. கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே அதில் பதிந்திருக்கிறது. ஸ்டாப் பாத் என்று நாம் ஊற்றும் வினிகர் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் மங்கிவிடும், துடைத்தாலும் திரும்பாது. பழைய ஹைப்போ சொட்டினால் மறுநாள் பழுப்புக் கறை தெரியும். வேலை செய்யும் இடத்தில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் பழைய நியூஸ்பேப்பர், அதன் மேல் டப்.

சுவரில் டேப் ஒட்டாதீர்கள், ஆணி பேச்சே வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், டேப்பை உரிக்கும்போது மேல்பூச்சு தோலாக வந்துவிடும். இன்றைக்கு அந்தப் பூச்சைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனார் சிலர்தான். கொடி கட்டத் தூணுக்குத் தூண் கயிறு போதும், தூணில் படும் இடத்தில் துணி சுற்றிக் கட்டுங்கள்.

வீட்டு ஆச்சியிடம் முந்தின நாளே எல்லாவற்றையும் காட்டிச் சொல்லிவிடுங்கள். எந்தப் பாத்திரமும் அடுப்படியிலிருந்து எடுக்கக்கூடாது, எடுத்தது திரும்பப் போகக்கூடாது.

மார்ச் 15, காலை 11:20 | கேள்வி கேட்டவர்

சரிண்ணே, அப்ப ஹைப்போவை எங்கே கொட்டுவது? முற்றத்தில் இல்லை என்றால் காயப் போடவும் முடியாதா?

மார்ச் 15, மதியம் 3:00 | பள்ளத்தூர்

காயப் போடுவது முதலில். முற்றத்தில் செம்மண் தூசி, புறா. அறைக்குள் போடுங்கள். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் தூசி அடங்க விட்டு அப்புறம் தொங்கவிடுங்கள். கீழே ஒரு கிளிப் கனத்துக்கு. பிலிமை விரலிடுக்கில் வழித்துவிடும் பழக்கத்தை இங்கே விடுங்கள், விரலில் ஒரு மணல் இருந்தால் முப்பத்தாறு படத்துக்கும் ஒரே கோடு.

கடைசி அலசலாவது கேன் தண்ணீரில் இருக்கட்டும். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், காயும்போது வட்டம் வட்டமாக வெள்ளை விட்டுப் போகும். அதில் வெட்டிங் ஏஜெண்ட் (தண்ணீர் திட்டாக நிற்காமல் வழிய வைக்கும் திரவம்) 200-ல் ஒரு பங்கு, 600 மில்லிக்கு 3 மில்லி. நுரை அதிகமாகப் பொங்கினால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

அலசுவதற்கு ஓடும் குழாய் வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, நிரப்பி 10 தடவை, நிரப்பி 20 தடவை. இல்போர்டு சொல்லும் முறை, ஒரு டேங்குக்கு இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு ரோலுக்கும் சேர்த்து இருபது லிட்டர் கேன் இரண்டு வாங்கி வைத்தால் மிச்சமே இருக்கும். முதல் அலசல் தண்ணீரையும் ஹைப்போ கேனிலேயே ஊற்றுங்கள், அதிலும் வெள்ளி உண்டு.

மார்ச் 15, இரவு 10:05 | பள்ளத்தூர்

ஹைப்போ. ஐந்து லிட்டர் பழைய கேன் ஒன்று, மேலே பெரிய எழுத்தில் "ஹைப்போ, குடிக்காதே". அதோடு ஊருக்குத் திரும்ப வேண்டும்.

ஊரில் வைத்து வெள்ளியைப் பிரிக்கலாம். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் பழைய ஹைப்போவை ஊற்றி, இரும்பு நாரை உள்ளே அமிழ்த்தி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரும்பு கரையும், வெள்ளி கறுத்த சேறாகக் கீழே தங்கும். பாத்திரம் தேய்க்கும் பளபள எவர்சில்வர் நார் இதற்கு ஆகாது, அது கரையாது. தேக்குக்குப் பாலிஷ் போடும் ஆசாரிகள் தேய்க்கிறார்களே, ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் மெல்லிய இரும்பு நார், அதுதான். பெயிண்ட் கடையில் கிடைக்கும். எக்ஸ்ரே மையங்களில் பழைய ஹைப்போ வாங்கிப்போகும் வெள்ளிக்காரர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடமே கேனைக் கொடுத்துவிடலாம், அது இன்னும் நல்லது.

குளியலறைப் பிளீச்சிங் திரவம், ஆசிட் எதையும் அந்தக் கேனில் சேர்க்காதீர்கள். மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும்.

மார்ச் 16, காலை 9:00 | தேவகோட்டை

காரைக்குடியில் 1953-லிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நாம் இரும்பு நார் போடுகிறோம்! கரண்ட் விட்டே வெள்ளியை எடுக்கலாமே?

மார்ச் 16, காலை 9:45 | பள்ளத்தூர்

எடுக்கலாம், சுத்தமாகவே வரும். எவர்சில்வர் தகடு ஒரு பக்கம், கார்பன் ஒரு பக்கம். ஆனால் கரண்ட் கூடிவிட்டால் வெள்ளி தகட்டில் படியாமல் ஹைப்போவே உடைந்து கறுப்புச் சல்பைடாக இறங்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். வெள்ளி குறையக் குறையக் கரண்டையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பன்னிரண்டு ரோல் ஹைப்போவுக்கு இரும்பு நார் போதும்.

மார்ச் 18, இரவு 9:20 | கேள்வி கேட்டவர்

இரண்டு பேர் கலர் கொண்டு வருகிறார்கள். அதையும் சேர்த்துக் கழுவலாமா? இன்னொன்று, வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) வெளிச்சம் ரொம்பக் குறைவு, டிரைபாட் வைத்தால் எவ்வளவு நேரம் திறந்து வைப்பது?

மார்ச் 18, இரவு 10:40 | பள்ளத்தூர்

கலர் வேண்டாம். கலர் நெகட்டிவுக்கான சி-41 டெவலப்பர் 38 டிகிரியில் மூன்றே கால் நிமிடம், கால் டிகிரி தவறினாலும் நிறம் சாயும். கறுப்பு வெள்ளை வேலைக்கு நடுவில் அதைக் கவனிக்க ஆள் கிடையாது. லேபுக்கு அனுப்பட்டும்.

வளவு விஷயம் பெரிது. முற்றத்தில் வெயில் விழும்போது, தூணுக்குப் பின்னால் பட்டாலை (உயர்ந்த திண்ணைப் பகுதி) நிழலுக்கும் அதற்கும் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வரை வித்தியாசம் வரும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டுமானால் நிழலுக்கு அளந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். அப்படியே ரோல் முழுக்க எடுத்திருந்தால் டெவலப்பர் நேரத்தைப் பதினைந்து சதவீதம் குறையுங்கள், எட்டே காலுக்குப் பதில் ஏழு நிமிடம். ஆனால் இப்படி எடுத்த ரோலையும் வெளியே எடுத்த ரோலையும் ஒரே டேங்கில் போட முடியாது. சனி இரவே ரோல் மேல் பேனாவால் "உ" உள்ளே, "வெ" வெளியே என்று எழுதி இரண்டிரண்டாகப் பிரித்து வையுங்கள்.

நேரம்: எச்பி5 ஒரு விநாடிக்கு மேல் போனால் மீட்டர் சொல்வது போதாது. மீட்டர் 4 விநாடி என்றால் 6, 8 என்றால் 15, 15 என்றால் 35, 30 என்றால் ஒன்றரை நிமிடம். கேபிள் ரிலீஸ் இல்லாதவர்கள் லென்ஸ் முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்து, ஷட்டரைத் திறந்து, அதிர்வு அடங்கிய பிறகு அட்டையை எடுக்கட்டும். ஆத்தங்குடித் தரையில் டிரைபாட் கால் வழுக்கும், கீறவும் செய்யும். மூன்று காலுக்கும் ரப்பர் குமிழ் அல்லது பழைய சாக்ஸ்.

மார்ச் 19, காலை 7:30 | பள்ளத்தூர்

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தேன். கடைசி நாளில் எந்த ரோலைக் கழுவுவது என்பதை நான் சரியாகச் சொல்லவில்லை. நல்ல படம் இருக்கும் ரோலைத்தான் எல்லாரும் நீட்டுவார்கள். அதை ஊருக்குக் கொண்டுபோகட்டும். புது இடம், புதுத் தண்ணீர், தூக்கக் கலக்கம், பன்னிரண்டு பேர் பேச்சு எல்லாம் சேர்ந்த வேலை இது. வெள்ளிக்கிழமை எடுத்த முதல் ரோல்தான் ஞாயிறு டேங்குக்குச் சரி. அதில் தெரியும் தப்பை வைத்து மீதியைக் கழுவும் நேரத்தை அவரவர் வீட்டில் தீர்மானிக்கலாம்.

அதைவிட நல்லது, சனி இரவே இரண்டே இரண்டு ரோலை ஒரு டேங்கில் கழுவிப் பார்ப்பது. தண்ணீர், தெர்மாமீட்டர், ஹைப்போ மூன்றும் சரியா என்று அதில் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் ஞாயிறு நாலு ரோலோடு ஆரம்பிக்காதீர்கள்.

மார்ச் 20, மாலை 6:15 | பள்ளத்தூர்

குரூப் போட்டோவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஞாயிறு எட்டு மணி, கடைசி ரோல் கொடியில் ஏறிய பிறகு. திண்ணையில் ஆறு பேர் உட்கார, பின்னால் ஆறு பேர் நிற்க. யாஷிகா மேட் மாதிரி 80 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ஆறுக்கு ஆறு கேமராவில் ஐந்து மீட்டரில் போகஸ் வைத்து எஃப் 11 என்றால் மூன்றரை மீட்டரிலிருந்து எட்டரை மீட்டர் வரை தெளிவு நிற்கும், இரண்டு வரிசைக்கும் தாராளம். திண்ணை நிழலாக இருந்து எதிரே வானம் திறந்திருந்தால் எச்பி5-க்கு 125-ல் ஒன்று, பாதுகாப்புக்கு 60-ல் ஒன்று. முகத்தில் பாதி வெயில் பாதி நிழல் விழும் இடத்தில் நிறுத்தாதீர்கள். செல்ப் டைமர் பழைய ஷட்டரில் பாதியில் நின்றுவிடும், முதலில் பிலிம் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். டைமர் ஓடாவிட்டால் ஆச்சி வீட்டுப் பிள்ளை யாரையாவது பட்டனை அழுத்தச் சொல்லுங்கள், பன்னிரண்டு கேமரா வைத்துக்கொண்டு படத்தில் பதினொரு பேர் நிற்கக்கூடாது.

மார்ச் 22, இரவு 11:10 | கேள்வி கேட்டவர்

அண்ணே அவசரம். இரண்டு ரோல் கழுவினோம். டெவலப்பர் 24 சரியாக வந்தது. படம் இருக்கிறது, ஆனால் பிலிம் முழுக்கப் பால் பூத்தது போல் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியவில்லை. ஹைப்போ ஐந்து நிமிடம் வைத்தோம்.

மார்ச் 22, இரவு 11:18 | பள்ளத்தூர்

ஹைப்போ பத்தவில்லை, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலில் எந்த அளவில் கலந்தீர்கள் பாருங்கள். பிலிமுக்கு ஒன்றுக்கு நாலு. ஒன்றுக்கு ஒன்பது பேப்பருக்கு.

மார்ச் 22, இரவு 11:24 | கேள்வி கேட்டவர்

ஒன்றுக்கு ஒன்பது.

மார்ச் 22, இரவு 11:40 | பள்ளத்தூர்

புதிதாக ஒன்றுக்கு நாலு கலந்து, அதே பிலிமைத் திரும்ப ரீலில் ஏற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். இனி வெளிச்சம் பட்டாலும் கவலை இல்லை, டேங்க் மூடி திறந்தே இருக்கலாம். பால் கரைந்து போவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். அதன்பின் 5, 10, 20 அலசலை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

நாளை ஒவ்வொரு நடைக்கு முன்பும் இதைச் செய்யுங்கள்: ரோலின் நாக்கை (வெளியே நீட்டும் முன்துண்டு) வெட்டும்போது கிடைக்கும் துண்டை எடுத்து, நடுவில் ஒரு சொட்டு ஹைப்போ விடுங்கள். அரை நிமிடம் கழித்துத் துண்டு முழுவதையும் ஹைப்போவில் முக்கி நேரம் எண்ணுங்கள். சொட்டு விழுந்த இடம் முதலில் கண்ணாடியாகும், சுற்றியுள்ள இடம் பிறகு வெளுக்கும். வட்டம் எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகும் நேரம் எவ்வளவோ, அதன் இரண்டு மடங்கு ஹைப்போ நேரம். புது ஹைப்போவில் வந்த நேரத்தை எழுதி வையுங்கள், அது இரட்டித்த அன்று அந்த ஹைப்போவின் வேலை முடிந்தது. லிட்டருக்கு இருபத்துநாலு ரோல் என்று இல்போர்டு கணக்கு, உங்கள் பன்னிரண்டுக்கு ஒரு லிட்டர் தாங்கும்.

மார்ச் 23, மதியம் 12:50 | கேள்வி கேட்டவர்

பன்னிரண்டும் முடிந்தது அண்ணே, கண்ணாடி மாதிரி. எட்டு ரோல் அப்பழுக்கில்லை. இரண்டில் நகம் அளவு கறுப்புப் பிறை ஆங்காங்கே. ஒன்றில் பிலிம் ஓரத்து ஓட்டைக்கு நேராகப் படத்துக்குள் கோடு கோடாக இறங்குகிறது. இன்னொன்றில் பளபளப்பான பக்கம் வெள்ளை வட்டங்கள். காரணம் சொல்லுங்கள், எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள்.

மார்ச் 23, மதியம் 1:15 | பள்ளத்தூர்

பிறை: ரீலில் ஏற்றும்போது பிலிம் மடங்கியது. பையின் சூட்டில் அவசரப்பட்டுத் தள்ளியிருப்பார்கள். மாட்டிக்கொண்டால் தள்ளாமல் வெளியே இழுத்து, நுனியின் இரு மூலையையும் இலேசாக வளைத்து வெட்டி மறுபடி ஏற்ற வேண்டும். இதைச் சரிசெய்ய வழியில்லை.

கோடு: டேங்கைக் குலுக்கியிருக்கிறார்கள். ஓட்டை வழியாக டெவலப்பர் பீறி அந்த இடத்தில் கூடுதலாக வேலை செய்யும். குலுக்கக் கூடாது, கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், முதல் பத்து விநாடிக்கு நாலு தடவை, பிறகு நிமிடத்துக்கு நாலு தடவை. கடைசியில் அடியைத் தட்டிக் குமிழியை விடுங்கள்.

வெள்ளை வட்டம்: தண்ணீர். கேன் தண்ணீர் தீர்ந்து குழாயில் முடித்தீர்களா? அந்த ரோலை மட்டும் வீட்டில் டிஸ்டில்டு வாட்டரில் வெட்டிங் ஏஜெண்டோடு ஐந்து நிமிடம் ஊற வைத்துத் தொங்கவிட்டால் போய்விடும். சட்டையில் துடைக்க வேண்டாம்.

வெட்டும்போது ஆறு ஆறு படமாக. காயாத நெகட்டிவைக் கவரில் போட்டால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். சுருண்டு நிற்காமல் நேராகத் தொங்குகிறதா, தாடையில் வைத்தால் குளிர்ச்சி இல்லையா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மார்ச் 23, மதியம் 1:40 | கேள்வி கேட்டவர்

நாலு பேர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய கேமரா பார்க்கப் போகிறார்கள். இரண்டு பேருக்கு மதுரையில் விமானம். மூன்று பேர் இரவு தங்கி நாளை பல்லவன் ரயில்.

மார்ச் 23, மதியம் 1:58 | பள்ளத்தூர்

பழைய கேமரா: மடிப்புக் கேமராவானால் துருத்தியை விரித்து, பின்கதவைத் திறந்து, இருட்டு மூலையில் உள்ளே செல்போன் டார்ச்சை அடியுங்கள். மடிப்பின் முனைகளில் நட்சத்திரம் மாதிரிப் புள்ளி தெரிந்தால் அது காட்சிப் பொருள்தான். உள்ளே கிடக்கும் காலி ஸ்பூலை எடுத்துப் பாருங்கள், 620 என்று இருந்தால் இப்போது விற்கும் 120 ரோல் நேராகப் பொருந்தாது, பிலிம் அகலம் ஒன்றுதான், ஸ்பூல் வேறு. அந்தக் காலி ஸ்பூலையும் சேர்த்தே வாங்குங்கள். அக்பா கிளிக் கிடைத்தால் 120 ரோலே போகும், பன்னிரண்டு படம். அதில் 400 பிலிமைப் போட்டு நம் ஊர் வெயிலில் எடுக்காதீர்கள், 100 அல்லது 125 போதும். உள்ளே ஏற்கெனவே பிலிம் இருக்கிற கேமராவைக் கடையில் திறந்து பார்க்க வேண்டாம், சிவப்பு ஜன்னலில் எண் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

விமானம்: கழுவாத ரோலைப் பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பவே கூடாது, அந்த எக்ஸ்ரே பலமானது. கைப்பையில், வெளியே தெரியும் கவரில் எடுத்துப்போய்க் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் 400 பிலிம் பழைய வகை எக்ஸ்ரேயில் ஒரு தடவை போனால் ஒன்றும் தெரியாது. சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் புது சிடி ஸ்கேனர் என்றால் எந்த வேகப் பிலிமையும் விடாதீர்கள். கழுவிய நெகட்டிவுக்கு எந்த எக்ஸ்ரேயும் பொருட்டில்லை. ஆகவே விமானத்தில் போகிறவர்களின் கழுவாத ரோலை ரயிலில் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்க் கூரியரில் அனுப்பாமல் கையில் சேர்ப்பது நல்லது.

ஐஸ் பெட்டியில் இருந்த புது ரோலை வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது ஆகட்டும். உள்ளே வேர்த்துவிடும்.

மார்ச் 24, காலை 8:20 | கேள்வி கேட்டவர்

எல்லாரும் கிளம்பியாச்சு அண்ணே. தார்ப்பாயை எடுத்துப் பார்த்தால் தரையில் சொட்டு இல்லை. ஹைப்போ கேன் என்னிடம், மூன்று லிட்டருக்கு மேல் இருக்கிறது. பாதி டெவலப்பரும் அதிலேயே கலந்துவிட்டது. இரும்பு நார் வேலை செய்யுமா?

மார்ச் 24, காலை 9:05 | பள்ளத்தூர்

அப்படியே போட்டால் மெதுவாகத்தான் செய்யும். டெவலப்பர் காரம், இரும்பு கரைய இலேசான புளிப்பு வேண்டும். வெளியே காற்றோட்டத்தில் வைத்து, மீதி இருக்கும் ஸ்டாப் வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி பிஎச் தாளில் 5-லிருந்து 6-க்குள் கொண்டுவாருங்கள். 4-க்குக் கீழே போனால் கந்தகம் பாலாகப் பிரியும், நெடி அடிக்கும், அதற்கு முன்பே நிறுத்துங்கள். மூடியை முழுக்க இறுக்காமல் தளர்த்தி வையுங்கள். நாரை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்து, துருவாகக் கரைந்திருந்தால் புது நார் சேருங்கள். நார் போட்டு ஒரு வாரம் கழித்து, தேய்த்துச் சுத்தம் செய்த செம்புக் கம்பி ஒன்றை அரை நிமிடம் முக்கி எடுங்கள். கம்பியில் வெள்ளை படிந்தால் வெள்ளி இன்னும் இருக்கிறது, இன்னொரு வாரம்.